மூன்று பேரும் பக்கவாத்தியம்: லீடர் இல்லாமல் ஃப்ரீ ஜாஸ் வாசிப்பது பற்றி

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் ட்ரம்ஸ், ஒரு நண்பர் சாக்ஸ், இன்னொருவர் பேஸ் கிடார். பாட்டு எதையும் எடுத்துக்கொள்ளாமல், ஸ்கேல், தாளம், கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) எதையும் பேசிவைக்காமல், மூன்று பேரும் சேர்ந்து ஃப்ரீ ஜாஸ் வாசிக்கப் பார்க்கிறார்கள். லீடர் என்று யாரும் கிடையாது. ஐந்து நிமிடத்தில் கூச்சலாகிவிடுகிறது. இல்லையென்றால் சாக்ஸ் முன்னால் போக, மற்ற இருவரும் பின்னாலேயே ஓடுகிறார்கள். எங்கே தப்பு, யாரைக் கேட்க வேண்டும், எப்படிப் பழக வேண்டும் என்பது கேள்வி. கூடவே ஒரு வரி: "நம்ம ஏரியா பசங்களுக்கு இது எதுக்குன்னு வீட்ல கேக்குறாங்கண்ணா."

தம்பி, நான் பெரம்பூர்க்காரன். பதினெட்டு வருடமாக இதே மாதிரி மூன்று பேர் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். எங்கள் சாக்ஸ்காரர் பேண்டு செட் குடும்பம். கல்யாண ஊர்வலத்திலும் சாவு ஊர்வலத்திலும் கிளாரினெட் ஊதி வளர்ந்தவர். ட்ரம்ஸ்காரர் புளியந்தோப்பில் கானாவுக்கு டோலக் அடித்துவிட்டு ட்ரம் கிட்டுக்கு வந்தவர். முதல் ஒரு வருடம் எங்களுக்கும் நீங்கள் சொல்லும் அதே கூச்சல்தான். அதனால் பட்டுத் தெரிந்துகொண்டதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன இரண்டு கோளாறும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. நம் ஊரில் கச்சேரி என்றால் ஒருவர் பிரதானம், மற்றவர்கள் பக்கவாத்தியம். அந்தப் பழக்கம் சபா பக்கமே போகாதவர் காதிலும் ஊறிப்போயிருக்கிறது. கூச்சல் வரும்போது நீங்கள் மூன்று பேருமே பிரதானமாக இருக்கப் பார்க்கிறீர்கள். சாக்ஸ் பின்னால் ஓடும்போது ஒருவர் பிரதானம், இருவர் பக்கவாத்தியம். லீடர் இல்லாத மூவர் குழு நன்றாக ஓடும் நேரத்தில் மூன்று பேருமே பக்கவாத்தியமாக இருப்பார்கள். யாருக்குப் பக்கவாத்தியம் என்றால், அந்த அறையில் அந்த நிமிடம் உருவாகிக்கொண்டிருக்கும் உருப்படிக்கு. இதைச் சொல்வது சுலபம். கைக்கு வர எங்களுக்கு வருடக்கணக்கானது.

முதலில், ஃப்ரீ ஜாஸில் எதிலிருந்து விடுதலை வாங்கினார்கள் என்று பார்த்துவிடலாம். வழக்கமான ஜாஸில் ஒரு சட்டம் இருக்கும். ப்ளூஸ் என்றால் 12 பார் (பார் என்பது தாளத்தின் ஒரு சின்னச் சுற்று), சினிமாப் பாட்டோ நாடகப் பாட்டோ என்றால் பெரும்பாலும் 32 பார். அந்தக் கார்டு வரிசை ஆவர்த்தனம் மாதிரி சுற்றிச்சுற்றி வரும். பேஸ் ஒரு பாருக்கு நாலு சுரம் என்று நடந்துகொண்டே இருக்கும், ட்ரம்ஸ்காரர் ரைட் சிம்பல் என்ற பெரிய உலோகத் தட்டில் காலப்பிரமாணத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார், சாக்ஸோ டிரம்பெட்டோ மேலே கற்பனை பண்ணும். யார் எங்கே இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். 1940களில் பீபாப் என்ற புது ஜாஸ் பாணி வந்தபோது கார்டுகள் நெருக்கமாயின, வேகம் ஏறியது. அந்த நெருக்கத்துக்குள் மூச்சு முட்டியவர்கள் ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

முதலில் போனது பியானோ. சாக்ஸ் கலைஞர் சோனி ரோலின்ஸ் 1957-ல் சாக்ஸ், பேஸ், ட்ரம்ஸ் என்று மூன்று பேரோடு வாசித்துக் காட்டினார். பியானோ இல்லையென்றால் 'இப்போது இந்தக் கார்டு' என்று காதில் அறைந்து சொல்ல ஆள் இல்லை. சாக்ஸுக்கு இடம் கிடைக்கிறது. உங்கள் குழுவும் இதே அமைப்புதான். அடுத்தது கார்டு வரிசை. இன்னொரு சாக்ஸ் கலைஞர் ஆர்னெட் கோல்மன் 1959 நவம்பரில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் பியானோ இல்லாத நாலு பேர் குழுவோடு வாசித்தபோது, கார்டு வரிசை வழிகாட்டவில்லை, மெட்டு எங்கே போகிறதோ அங்கே போனார்கள். மறுவருடம் டிசம்பரில் இரண்டு நால்வர் குழுக்களை ஒன்றாக நிறுத்தி 37 நிமிடம் பதிவு செய்தார். 'ஃப்ரீ ஜாஸ்' என்ற பேரே அந்த இசைத்தட்டின் தலைப்பிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதுதான். அதிலும்கூடத் தாளம் ஓடிக்கொண்டே இருக்கும், கேட்டுப் பாருங்கள். தாளத்தையும் கழற்றியவர்களில் முக்கியமானவர் ட்ரம்மர் சன்னி மர்ரி. 1962-ல் கோபன்ஹேகனில் செசில் டெய்லரின் பியானோ, ஜிம்மி லயன்ஸின் சாக்ஸ், இவருடைய ட்ரம்ஸ் என்று பேஸே இல்லாத ஒரு மூவர் குழு வாசித்தது. அங்கே ட்ரம்ஸ் எண்ணிக்கையை விட்டுவிட்டு அலை மாதிரி வருகிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் கழற்றப்பட்டதற்கு நடுவே வருடங்கள் இருக்கின்றன. நீங்கள் முதல் நாளே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்று ஒரு ஊர். இரும்பு, எஃகு ஆலைகளால் வளர்ந்த தொழிலாளர் ஊர். 1963 முதல் 1966 வரை அங்கே டெரெக் பெய்லி கிடார், கேவின் பிரையர்ஸ் பேஸ், டோனி ஆக்ஸ்லி ட்ரம்ஸ் என்று மூன்று பேர், ஒரு மதுக்கடையின் மாடியில் சனிக்கிழமை மதியங்களில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஜோசப் ஹோல்புரூக் என்பது குழுவின் பெயர். அது ஓர் ஆங்கிலேய இசையமைப்பாளரின் பெயர், இவர்கள் வாசித்ததற்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. ஆரம்பத்தில் எல்லோரையும் போல ஜாஸ் பாட்டுகளைத்தான் வாசித்தார்கள். பிறகு தாளத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். அப்புறம் கார்டை. முடியும்போது முன்கூட்டித் தீர்மானித்தது என்று எதுவுமே இல்லை. ஒரே மூன்று பேர், ஒரே அறை, வாராவாரம். ஐரோப்பாவில் பிற்பாடு வந்த ஃப்ரீ இம்ப்ரோவைசேஷனுக்கு அந்த மாடி அறை ஓர் ஊற்று. லண்டனில் நடக்கவில்லை, ஆலை ஊரில் நடந்தது என்பதில் எனக்குத் தனியாக ஒரு சந்தோஷம் உண்டு. என் அப்பா பி அண்ட் சி மில்லில் வேலை பார்த்தவர், 1996-ல் அது மூடும்வரை.

அதனால் என் முதல் யோசனை: ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். ஒரு மாதம் ஒரு ப்ளூஸை எடுத்து, கார்டை மட்டும் விட்டுவிட்டுத் தாளத்தோடு வாசியுங்கள். அடுத்த மாதம் தாளத்தை விட்டுவிட்டு, ஒரே ஒரு சுரத்தை வீடாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ட்ரம்மர் என்பதால் ஒன்று சொல்கிறேன், ரைட் சிம்பலையும் காலால் அடிக்கிற கிக் ட்ரம்மையும் பத்து நாள் தொடாதீர்கள். அவை இரண்டும் இருக்கும்வரை உங்கள் கை தானாக எட்டு எட்டாக எண்ணும்.

இப்போது கூச்சல். இதற்கு எங்களுக்கு மருந்து கிடைத்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

பேப்பர் மில்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு சைக்கிள் கடை மாடியில் எங்கள் அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒரு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். மூன்று பேரும் உச்சத்தில் இருந்தோம். யார் என்ன வாசிக்கிறோம் என்று யாருக்கும் கேட்கவில்லை. டக்கென்று கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றது, என் ஆம்ப் செத்தது. பேஸ் கிடாரில் ஆம்ப் இல்லையென்றால் என்ன கேட்கும்? கம்பி ஃப்ரெட்டில் படுகிற 'டிக்', அதற்கு அடியில் கொசு ரீங்காரம் போல ஒரு சுரம். அவ்வளவுதான். நான் நிறுத்தவில்லை, ஏனென்று தெரியாது. கை பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தது.

ட்ரம்ஸ்காரர் என் கையைப் பார்த்தார். குச்சியைக் கீழே வைத்தார். ஸ்னேரின் அடியில் இருக்கும் கம்பிவலையைத் தளர்த்திவிட்டு, டோலக் அடிக்கிற அந்தப் பழைய விரலால் தோலின் ஓரத்தைத் தொட்டார். சாக்ஸ்காரர் ஊதாமல் காற்றை மட்டும் குழலுக்குள் விட்டார். சுரம் இல்லை, மூச்சு, நடுநடுவே சாவிகள் மூடித் திறக்கிற 'டப், டப்'. என் கம்பியின் 'டிக்'கும் அவருடைய சாவியின் 'டப்'பும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. கீழே கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடிக்கிற பம்பு சத்தம்கூடக் கேட்டது. இருபது நிமிடத்துக்கு மேல் அப்படியே போனது. வியர்வை கிடாரின் மேல் சொட்டுவது தெரிந்தது. கரண்ட் திரும்பி வந்து ஆம்ப் 'பொம்' என்று விழித்துக்கொண்டபோது எங்களுக்கு எரிச்சலாகிவிட்டது. நான் போய் சுவிட்சை அணைத்தேன்.

அன்றைக்குத்தான் பிடிபட்டது. எங்கள் சத்தத்தின் அளவை, அந்த அறையில் யாருடைய வாத்தியம் மிக மெதுவாக ஒலிக்கிறதோ அவர்தான் தீர்மானிக்க வேண்டும். இன்றும் எந்த ஞாயிற்றுக்கிழமையும் முதல் பத்து நிமிடம் ஆம்ப்பைச் செருகுவதில்லை. நீங்களும் செய்து பாருங்கள். உங்கள் பேஸ்காரரின் விரல் கம்பியில் படுகிற சத்தம் உங்களுக்குக் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் நீங்கள் அதிகமாக அடிக்கிறீர்கள்.

சத்தமாக வாசிப்பதே தப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெர்மானியர் பீட்டர் ப்ராட்ஸ்மன், பெல்ஜியத்து ஃப்ரெட் வான் ஹோவ், டச்சுக்காரர் ஹான் பென்னிங்க் மூவரும் சேர்ந்து வாசித்ததைக் கேட்டால் சுவர் இடிகிற மாதிரி இருக்கும். ஆனால் அவர்கள் எந்த விநாடியிலும் அதை விட்டு இறங்கத் தெரிந்தவர்கள். உச்சத்திலிருந்து இறங்கத் தெரியாதவரைதான் அது கூச்சல்.

அப்புறம், மூன்று என்ற எண்ணிக்கை. இரண்டு பேர் என்றால் பேச்சு: நீ சொன்னாய், நான் சொன்னேன். நாலு பேர் என்றால் சீக்கிரமே இரண்டு இரண்டாகப் பிரிந்துகொள்வார்கள். மூன்று பேரில் இருவர் எப்போது சேர்ந்தாலும் ஒருவர் மிச்சம் நிற்பார். அந்த மிச்சம் நிற்பவர்தான் குழுவை நடத்துகிறார் என்பது என் அனுபவம். அவருக்கு நாலு வழி இருக்கிறது. போய்ச் சேர்ந்துகொள்ளலாம். எதிராகப் போகலாம். அவர்கள் பாட்டுக்கு அவர்கள், தன் பாட்டுக்குத் தான் என்று தனியாக ஒரு கோடு இழுக்கலாம். வாசிக்காமல் இருக்கலாம். புதுசாகப் பழகுகிறவர்கள் முதல் வழியையே பிடித்துக்கொள்வார்கள்: சாக்ஸ் 'தா-ரி-ரா' என்றால் ட்ரம்ஸும் உடனே 'தா-ரி-ரா'. மரியாதை மாதிரி தெரியும், ஆனால் அடுத்த வாசல் அங்கேயே அடைபட்டுவிடும். சாக்ஸ்காரருக்குத் தான் சொன்னதே திரும்பி வருகிறது. அவர் அதை விட்டு வேறொன்றுக்கு ஓட, நீங்கள் அதையும் பிடிக்க, கடைசியில் அவர் லீடர் ஆகிவிடுகிறார். நீங்கள் சொன்ன இரண்டாவது கோளாறு இப்படித்தான் உண்டாகிறது. லீடராக வேண்டும் என்று அவர் நினைத்திருக்கவே மாட்டார், பாவம்.

வாசிக்காமல் இருப்பதை நான் ரொம்பப் பெரிதாக நினைக்கிறேன். வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் சும்மா இருப்பது கூச்சமாக இருக்கும், சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத மாதிரி. எங்களிடம் ஒரு பயிற்சி உண்டு: எந்த நேரத்திலும் இரண்டு பேர்தான் வாசிக்கலாம், மூன்றாமவர் நுழைந்தால் ஒருவர் வெளியேற வேண்டும், சைகை கிடையாது. பதினைந்து நிமிடம். முதல் வாரம் மோதல், இரண்டாம் வாரம் பயம், மூன்றாம் வாரத்தில் வெளியே நிற்பவரின் மௌனமும் கேட்க ஆரம்பிக்கும். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு வருகிறேன். நூறு பேர் சொல்ல மாட்டேன். உங்கள் மூவருக்கும் நேரடியாக உதவுகிற நாலைந்து குழு போதும்.

ஆல்பர்ட் அய்லர் சாக்ஸ், கேரி பீகாக் பேஸ், சன்னி மர்ரி ட்ரம்ஸ். இவர்களுடைய இசைத்தட்டு ஒன்று 1964 ஜூலை 10-ம் தேதி நியூயார்க்கில் பதிவானது, மொத்தமே அரை மணி நேரம்தான். அய்லரின் சாக்ஸ் தேவாலயத்துப் பாட்டும் பேண்டு வாத்தியமும் கலந்து அழுகிற மாதிரி இருக்கும். எங்கள் சாக்ஸ்காரர் முதல் தடவை கேட்டுவிட்டு "இது சாவு வீட்டு ஊதல்டா" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நீங்கள் மர்ரியை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு தடவை முழுதாகக் கேளுங்கள். சிம்பல் ஒரு மினுக்கமாக ஓடிக்கொண்டே இருக்கும், எண்ண முடியாது, ஆனால் ஒருபோதும் தொய்யாது. பேஸ்காரர் பீகாக்கை மட்டும் கேட்கட்டும். அவர் அய்லரை ஓர் இடத்தில்கூடப் பின்தொடரவில்லை. பக்கத்தில் தனித் தெருவில் நடக்கிறார்.

இதற்கு நேர் எதிர், ஜிம்மி ஜூஃப்ரி கிளாரினெட், பால் ப்ளே பியானோ, ஸ்டீவ் ஸ்வாலோ பேஸ். ட்ரம்ஸே கிடையாது. 1961, 62-ல் கிசுகிசுவென்று ஃப்ரீயாக வாசித்தார்கள். கேட்க ஆள் இல்லை. நியூயார்க்கில் ஒரு காபிக் கடையில் ஒரு ராத்திரி வாசித்து, ஆளுக்கு 35 சென்ட் கிடைத்த பிறகு குழுவைக் கலைத்துவிட்டார்கள். பிறகு 1989-ல் அதே மூன்று பேர் மறுபடி சேர்ந்தார்கள். இடையில் இருபத்தேழு வருடம். சேர்ந்து வாசித்ததைக் கேட்டால் நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்கின மாதிரி இருக்கிறது. எனக்குக் கண் கலங்கியது.

லீடர் இல்லாத குழு என்பதற்கு என் மனதில் முதலில் வருவது சிகாகோவின் ஏர். ஹென்றி த்ரெட்கில் சாக்ஸ், புல்லாங்குழல். ஃப்ரெட் ஹாப்கின்ஸ் பேஸ். ஸ்டீவ் மெக்கால் ட்ரம்ஸ். சிகாகோவின் தெற்குப் பகுதியில் கறுப்பினக் கலைஞர்கள் 1965-ல் ஏஏசிஎம் என்று தாங்களே ஒரு சங்கம் வைத்தார்கள். அரங்கம் தர ஆள் இல்லாததால் தாங்களே கச்சேரி நடத்திக்கொண்டார்கள், சிறுவர்களுக்கு இசை சொல்லிக்கொடுத்தார்கள். அந்தச் சங்கத்துப் பிள்ளைகள் இவர்கள். இவர்களிடம் பேஸ் அடியில் படுத்துக்கிடக்காது. மூன்று வாத்தியமும் ஒரே உயரத்தில் நிற்கும். இவர்கள் எழுதிவைத்த இசையும் வாசித்தார்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ராக்டைம் என்ற பழைய பாணி மெட்டுகளையும் எடுத்துப் பிரித்துப் போட்டார்கள். எழுதியது எங்கே முடிகிறது, தோன்றியது எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. இன்னொரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும்: த்ரெட்கில் கார் சக்கரத்தின் வீல் கப்புகளைச் சட்டத்தில் தொங்கவிட்டு ஒரு வாத்தியம் செய்து வாசித்தார். எங்கள் ட்ரம்ஸ்காரர் இதைக் கேள்விப்பட்ட வாரமே புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய வீல் கப் ஆறு வாங்கிவந்தார். கடைக்காரர் எந்த வண்டிக்கு என்று கேட்க, இவர் ஒவ்வொன்றாகத் தட்டிக் காதில் வைத்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார். அதில் இரண்டு இன்றும் எங்கள் அறையில் தொங்குகின்றன.

அலெக்ஸாண்டர் வான் ஷ்லிப்பென்பாக், எவன் பார்க்கர், பால் லோவன்ஸ் மூவரையும் நீண்டகாலக் கூட்டுக்காகக் கேளுங்கள். 1972-ல் முதல் இசைத்தட்டு. அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் அதே மூன்று பேர். எவன் பார்க்கர் மூச்சை விடாமல் சாக்ஸ் ஊதுவார். நம் ஊரில் மகுடி ஊதுகிறவர் கன்னத்தில் காற்றை அடக்கிவைத்துக்கொண்டு மூக்கால் மூச்சிழுப்பாரே, அதே வித்தை. உங்கள் சாக்ஸ்காரர் ஒரு டம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழலை வைத்துக் குமிழி நிற்காமல் ஊதிப் பழகட்டும். ஆஸ்திரேலியாவின் தி நெக்ஸ் 1987-ல் தொடங்கிய மூவர் குழு. பியானோ, பேஸ், ட்ரம்ஸ். மேடைக்கு வந்து அமைதியாக நிற்பார்கள், யாராவது ஒருவர் தொடங்குவார், ஒரு மணி நேரம்போல ஒரே உருப்படி, எதுவும் பேசிவைத்ததில்லை. ஒரு சின்னச் சொற்கட்டைத் திருப்பித் திருப்பி வாசித்து, அது மாறுவதே தெரியாமல் மாற்றுவார்கள். அவசரக்காரர்களுக்கு, அதாவது இருபது வயதுக்காரர்களுக்கு, இது நல்ல கஷாயம்.

சரி, வீட்டில் கேட்கிற கேள்வி. 'நமக்கு எதுக்கு.' இதற்குப் பதில் நம் ஏரியாவிலேயே இருக்கிறது. திருவொற்றியூர் தாண்டினால் மணலி. இன்று சுத்திகரிப்பு ஆலை என்றுதான் எல்லோருக்கும் தெரியும். முத்துசாமி தீட்சிதரின் குடும்பம் அங்கே முதலியார் குடும்பத்து ஆதரவில் வாழ்ந்தது. கோட்டையில் வெள்ளைக்காரர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். கர்நாடகக் கச்சேரிக்கு வயலின் வந்த வழிகளில் அது முக்கியமானது. கத்ரி கோபால்நாத் சாக்ஸில் கீர்த்தனை வாசித்ததை உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பார்கள். எதிர்ப்பக்கமும் போயிருக்கிறது: அமெரிக்க சாக்ஸ் கலைஞர் சார்லி மரியானோ நாகசுரம் கற்றுக்கொண்டு அதைத் தன் இசையில் ஊதினார். பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் டான்ஸ் வைத்த காலத்தில் இருந்து இந்தப் பக்கத்துக் காதுக்கு ட்ரம் கிட்டும் புதுசில்லை.

ஆனால் நம்மிடம் இருப்பதில் உங்களுக்கு அதிகம் உதவப்போவது கானா என்று நினைக்கிறேன். மரண கானா நடக்கிற வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறீர்களா? பாடுகிறவர் செத்தவர் பேர், அவர் ஓட்டின வண்டி, பெண்டாட்டி பிள்ளை பேர் எல்லாவற்றையும் அங்கேயே கேட்டு அங்கேயே பாட்டில் ஏற்றுவார். அடுத்த வரி எத்தனை நீளம் என்று அவருக்கே தெரியாது. டோலக்காரர் என்ன செய்வார்? எங்கள் ட்ரம்ஸ்காரர் சொல்வது: "வாயைப் பாக்காதே, கழுத்தைப் பாரு." மூச்சை இழுக்கும்போது கழுத்துக்குழி உள்ளே போகும். ஆழமாகப் போனால் வரி நீளம், இடது கையைத் தயாராக வைத்துக்கொண்டு வலது கையால் ஓட்டிக்கொண்டே இருக்கலாம். கொஞ்சமாகப் போனால் உடனே நிறுத்தம் வரும். அழுகை வந்து பாடகர் பாதியில் நின்றுவிட்டால் டோலக்கும் நிற்காது, தொடரவும் செய்யாது. விரல் நுனியால் இடத்தைக் காப்பாற்றிவைக்கும். இந்த வித்தையை எந்த இசைத்தட்டிலும் கற்றுக்கொள்ள முடியாது. எங்கள் சாக்ஸ்காரர் ஊதும்போது ட்ரம்ஸ்காரர் இன்னும் அந்தக் கழுத்தைத்தான் பார்க்கிறார்.

கர்நாடக இசையில் மனோதர்மம், அதாவது அங்கேயே கற்பனை செய்து வாசிப்பது, இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று சிலர் சொல்வார்கள். ஒன்றில்லை. ஆலாபனையில் தாளம் கிடையாது, ஆனால் ராகம் இருக்கிறது, சுருதி இருக்கிறது. வயலின் ஒரு நிழல் தள்ளிப் பின்னால் வரும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் குறைப்பில் மாற்றி மாற்றிச் சின்னதாக்கிக்கொண்டே வந்து, மோரா என்ற முடிப்புக் கட்டு வைத்து, கோர்வை என்ற கடைசிக் கட்டை மூன்று தடவை வாசித்து, பாட்டு தொடங்குகிற எடுப்பில் வந்து விழுவார்கள். சபையில் தாளம் போடுகிறவருக்கும் எங்கே விழப்போகிறது என்று தெரியும். அந்த விழுகைதான் ஆனந்தமே. ஃப்ரீயாக வாசிக்கும்போது அப்படி ஒரு இடம் யாருக்கும் முன்னால் தெரியாது. இரண்டும் வேறு வேறு கஷ்டம். ஆனாலும் தனியை நிறையக் கேளுங்கள், குறிப்பாகக் கஞ்சிராக்காரர் தன் முறை வராதபோது முகத்தை எப்படி வைத்திருக்கிறார் என்று பாருங்கள். வாசிக்கிறவரைவிட அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் அன்றைக்கே கேட்காதீர்கள். அன்று கேட்டால் தன் வாத்தியம் மட்டும்தான் காதில் விழும். மூன்று நாள் கழித்து, மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து கேளுங்கள். கேட்டுவிட்டு "நீ அங்க ஏன் அப்படி அடிச்ச" என்று ஆரம்பிக்கக் கூடாது. எங்கள் குழு இதனால் ஒரு தடவை எட்டு மாதம் பிரிந்திருந்தது, தப்பு பெரும்பாலும் என்னுடையது. எந்த நிமிடத்தில் காது நிமிர்ந்தது என்று ஆளுக்கு ஓர் இடம் மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலும் மூவரும் ஒரே இடத்தைச் சொல்வீர்கள், அது மூன்று பேரில் யாரோ ஒருவர் நிறுத்தின இடமாக இருக்கும்.

முடிப்புதான் எல்லாவற்றிலும் கடினம். மூன்று பேரும் மெதுவாகக் குறைந்து, முடிந்தது என்று நினைக்கும்போது யாராவது ஒருவர் சிம்பலை ஒரு தட்டு தட்டுவார். பிறகு பத்து நிமிடம் உயிரில்லாமல் இழுபடும். எங்கள் வழக்கம் இது: மூன்று பேரும் கையை எடுத்தபின் யாரும் அசையாமல், பேசாமல், பத்து விநாடி இருப்போம். அதற்குள் ஒருவர் மறுபடி தொட்டால் மற்ற இருவரும் சேர்ந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அவர் தனியாக முடிக்கலாம். இந்த உரிமை இருக்கிறது என்று தெரிந்த பிறகு, சும்மா தொடுவது தானாகக் குறைந்துவிட்டது.

வாசிக்க இடம் எங்கே என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். இந்தப் பக்கம் இதற்கென்று அரங்கம் இல்லை. மொட்டை மாடி, தேவாலயத்தின் பக்கத்துக் கூடம், முகூர்த்தம் இல்லாத நாளில் சின்ன மண்டபம் என்று நாங்கள் ஒப்பேற்றுகிறோம். பன்னிரண்டு பேர் வந்தால் நிறைந்த சபை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் நாங்கள் மாடியில்தான் இருப்போம். மூன்று பேரும் வாருங்கள். ஆம்ப் இருக்கிறது, ட்ரம் கிட் இருக்கிறது. சிம்பலை மட்டும் உங்களுடையதை எடுத்து வாருங்கள், எங்களுடையதில் ஒன்று விரிசல் விட்டிருக்கிறது.